அண்ணன் வாக்குப் பொய்ப்பதில்லை

எங்கள் அடுக்ககத்தின் வாசலோரம், கூண்டுக்குள் 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்று குடியிருக்கிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், அத்தனை வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் சுமக்கும். தன்னுடைய 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும் ஒரு பொட்டு கரண்ட் தராது. தனக்கென வாழாத இந்தப் பண்பை அதற்குப் பழக்கிவிட்டவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். சங்கக் கூட்டத்தில் அவர் பெருமையை யாரும் பேசுவதில்லை என்பதால் நான் பேசுகிறேன்.

அண்ணனுக்கு ஞானதிருஷ்டி உண்டு. கூண்டின் கதவைத் திறக்கும் முன்பே, கேட்டில் நின்றபடி "பேட்டரி போச்சு சார்" என்று சொல்லிவிடுவார். மற்ற மெக்கானிக்குகள் பாவம், மல்டிமீட்டரை நம்பிப் பிழைப்பவர்கள். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறதா, ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறவில்லையென்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, சார்ஜ் ஏற்றும் டைனமோ பக்கம் என்று பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார்கள், ஒயரைத் தடவுவார்கள். சந்தேகப் பிராணிகள். அண்ணன் மீட்டரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிது, அவர் வாக்குப் பலிக்கும். புது பேட்டரி வைப்பார். சனிக்கிழமை தோறும் சோதனை ஓட்டம் என்று செல்ஃப் அடித்து, இரண்டு நிமிடத்தில் அணைப்பார். அடித்த செல்ஃபுக்குப் போன சார்ஜ் திரும்பி வராது. அரைப் பட்டினியில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். சில மாதத்தில் பேட்டரி நிஜமாகவே போய்விடும். "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்பார். யாரால் மறுக்க முடியும்? செத்த பேட்டரியை அநாதையாக விடாமல் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகும் கருணையையும் சொல்லியாக வேண்டும். அதிலுள்ள ஈயத்துக்கு எடைக்கடையில் நல்ல விலை உண்டு என்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்காது.

பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் என்று தனிச் சலுகை காட்டாமல், நாங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றும் சமத்துவவாதி அவர். சுவரில் ஒரு சார்ஜரும் இருக்கிறது, லைன் கரண்டில் பேட்டரியைப் பார்த்துக்கொள்ள. அந்த ப்ளக்கை வாட்ச்மேன் செல்போனுக்கு விட்டுக்கொடுத்தவரும் அண்ணன்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை இருண்டு கிடந்தபோது எங்கள் ஜெனரேட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மௌனம் காத்தது. நாங்கள் மட்டும் வெளிச்சத்தில் இருந்து அக்கம்பக்கத்தாரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாமல் காப்பாற்றியவரை மறக்க முடியுமா?

பேனலில் பேட்டரி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. "அதுவே எரியல. அப்புறம் என்ன சார் குறை?" என்பது அண்ணன் தீர்ப்பு. உண்மையில் சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். பல டைனமோக்களில் உள்ளிருக்கும் சுருளை முதலில் எழுப்பும் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகும். பல்பு பீஸ் ஆனால் எச்சரிக்கையும் வராது, சார்ஜும் ஏறாது. இத்தனை நுணுக்கத்தைச் சொல்லி எங்களைக் கலவரப்படுத்தாத பெருந்தன்மை அண்ணனுடையது.

போன மாதம் யாருடைய காரையோ பார்க்க வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பையன், வயசுக் கோளாறு, இதிலும் தலையை நுழைத்தான். சாவியைத் திருப்பினான், விளக்கைப் பார்த்தான், பல்பைக் கழற்றி வேறொன்று மாட்டினான். சிவப்பாக எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. மீட்டர் 14.1 காட்டியது. டீக்காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சேதி கேட்டு அண்ணன் வந்தார். ஓடும் இன்ஜினையும் மீட்டரையும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்தீங்களா சார்? நான் போட்ட பேட்டரி, எப்படி சார்ஜ் எடுக்குது!"

அடுத்த வருஷ ஒப்பந்தமும் அவருக்கே.