ஃபார்மட் போட்ட பிறகு

“ஸ்லோவா இருக்கா? ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்றார் கடைக்காரர். போட்டார். இப்போது கம்ப்யூட்டர் முன்னைவிட மெதுவாக ஊர்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் (அது திறப்பதற்குள் டீ ஆறிவிட்டது) டிஸ்க் 100 சதவீதம். நான் ஒன்றுமே திறக்கவில்லையே!

உள்ளே ஒருவர் அப்டேட் இறக்குகிறார். இன்னொருவர் ஃபைல்களுக்கெல்லாம் அட்டவணை போடுகிறார். மூன்றாமவர், அந்த இருவரும் தொட்டதையெல்லாம் வைரஸ் இருக்கிறதா என்று மோந்து பார்க்கிறார். நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் கிழட்டு ஹார்ட் டிஸ்க்கின் ஒற்றைக் கை, முகூர்த்த நாள் பந்தியில் தனியாக மாட்டிக்கொண்ட பரிமாறுபவர் மாதிரி, இலைக்கு இலை ஓடுகிறது.

“ரெண்டு நாள் ஆன்லயே விடுங்க, செட் ஆயிடும். இல்லேன்னா எஸ்எஸ்டி போட்டுக்கலாம்.”

விலை கேட்டேன். நான்கு நாள்கூட விடலாம் என்று தோன்றியது.