446 பைட்டுக்கு ஒரு பூரண சுத்தம்

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஒரே வட்டில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் குடியேறின. யாரை எழுப்புவது என்று கேட்பது கிரப் என்ற பூட் லோடரின் வேலை. விண்டோஸை மறுபடி ஏற்றினால் முதல் பலி கிரப்தான். லினக்ஸ் பத்திரமாக உள்ளேயே இருக்கும். வாசல் மட்டும் காணாமல் போயிருக்கும்.

லைவ் பென் டிரைவில் கணினியை எழுப்பி, லினக்ஸ் பகுதியை மவுன்ட் செய்து, கிரப்-இன்ஸ்டால் என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும் என்கிறார்கள் சில சோம்பேறிகள். ஜவ்வாது மலையடி அமிர்தியிலிருந்து வேலூர் வரை பஸ்ஸில் மடிக்கணினியைச் சுமந்து வருபவரை ஐந்தே நிமிடத்தில் திருப்பி அனுப்புவதா விருந்தோம்பல்? நம் வேலூர்க் கடை மெக்கானிக் அப்படிப்பட்டவர் அல்ல. "ஃபார்மட் பண்ணிடலாம் சார்."

எவ்வளவு நேர்மை! பழைய முறை வட்டில் பூட் கோடுக்கு ஒதுக்கிய இடம் 446 பைட். அதில் கோளாறு என்றால் மிச்சமுள்ள கிகாபைட்டுகளை எப்படி நம்புவது? வனத்துறையும் இதைக் கவனிக்கலாம். அமிர்தி உயிரியல் பூங்காவின் கேட் பூட்டு மக்கர் செய்தால், மான் மயில்களை அப்புறப்படுத்தி, காட்டைச் சமன்செய்து, புதுப் பூங்கா கட்டிவிடலாம். பூட்டும் புதிதாகக் கிடைக்கும்.

ஃபார்மட் செய்ய மெக்கானிக் செருகும் பென் டிரைவில் பெரும்பாலும் வென்டாய் என்ற பூட் மென்பொருள் இருக்கும். அது ஓடுவது கிரப்பில்.

கடைக்குப் போகுமுன் கல்யாணப் போட்டோக்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் கேட்பார், மறக்காதீர்கள்.