கமுதிக்கு ஒரு தொட்டிக் கடிதம்

அடிலெய்டு, தென் ஆஸ்திரேலியா,
ஜூலை மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கு நான், உங்கள் மருமகள், பேத்தி எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் பெரியம்மாவின் சர்க்கரையும் எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுதவும்.

வீட்டில் மழைத்தண்ணி டேங்க் வைத்திருக்கிறோம் என்று போனில் சொன்னதற்கு, "கடல் தாண்டிப் போயும் தண்ணி பிடிச்சு வைக்கிற பொழப்புத்தானா?" என்று சிரித்தீர்கள். போனில் பதில் சொன்னால் பாதியில் மறிப்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. இந்த ஊரில் வருஷத்துக்குப் பெய்யும் மழை 530 மில்லிமீட்டரை ஒட்டி. நம் ராமநாதபுரம் ஜில்லாவில் 800-க்கு மேல். மேலதிகாரிகள் ஊழியர்களை மிரட்டுவதற்கு "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று நம் சீமையைத்தானே காட்டுவார்கள்? அந்தக் காட்டைவிட மழை குறைந்த ஊரில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் புல்தரையும் ரோஜாச் செடியும் வளர்த்து, நாயைக் குளிப்பாட்டி, நிம்மதியாக இருக்கிறார்கள். மனிதர் வாழும் கண்டங்களிலேயே வறண்ட கண்டம் இது, அதில் வறண்ட மாநிலம் எங்களது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள். வறட்சியில் பெருமை கொள்ளலாம் என்பது நமக்கு இத்தனை காலம் தோன்றாமல் போயிற்று.

ஆறும் நம் கதைதான். மர்ரே ஆறு எங்கோ கிழக்கு மலைகளில் பிறந்து, இரண்டு மாநிலங்களின் வயலுக்கெல்லாம் பாய்ந்த பிறகு, கடைசியில் இங்கே வந்து சேருகிறது. மேட்டு மாநிலம் எடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்பதில் இங்கேயும் தீராத வழக்கு. மன்னம் என்ற ஊரிலிருந்து மலையைத் தாண்டிக் குழாய் போட்டு, 1955 முதல் அந்தத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். உங்கள் குழாயில் திருச்சிப் பக்கத்துக் காவிரி. என் குழாயில் மர்ரே. பெரியப்பாவும் மகனும் ஆளுக்கொரு ஆற்றின் கடைமடையில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே இந்த ஊர்க்காரர்கள் ஆற்றை நம்பினாலும் கூரையை அதிகம் நம்புகிறார்கள். மழைத்தொட்டி வைத்த வீடுகளின் விகிதத்தில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பது இந்த மாநிலம்தான். 2006 ஜூலையிலிருந்து இங்கே புது வீடு கட்டினால் குறைந்தது ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்து வீட்டுக் குழாயோடு இணைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் வீடு அதற்கு முந்தியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பக்கத்து வீட்டுத் தாத்தாவைத் தவிர.

அவர் கோதுமைக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். பைப் தண்ணீரை வண்டி கழுவ மட்டும்தான் தொடுவார். டீக்கு மழைத்தண்ணிதான். அவர் வீட்டு அலைத்தகரத் தொட்டியை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் கனக்கும் இடத்தில் நிறுத்தி, "இதுவரைக்கும் இருக்கு" என்பார். வேலியோரம் மழைமானி ஒன்று நட்டிருக்கிறார். மழை பெய்த மறுநாள் காலையில் வணக்கம் சொல்லுமுன், "உனக்கு எத்தனை மில்லி?" என்பார். எங்களிடம் மழைமானி இல்லை என்று தெரிந்ததும் என் மேல் வைத்திருந்த மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

இந்தக் கண்டத்தின் தென்கிழக்கை 1997 முதல் 2009 வரை ஒரு பெரும் வறட்சி உலுக்கியதாம். தோட்டத்தில் ஹோஸ் பிடிப்பதற்கே தடை வந்த காலம். அப்போது யார் வீட்டுப் புல் பச்சையாக இருந்தாலும் தெருவே சந்தேகக் கண்ணோடு பார்க்குமாம். தொட்டித் தண்ணிக்குத் தடை இல்லை என்பதால், "இங்கே ஊற்றுவது மழைநீர்" என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டு பலர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தாத்தா வீட்டுக் கொட்டகையில் அந்தப் பலகை இன்னும் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

சரி, டேங்க் வாங்கிய கதைக்கு வருகிறேன். நம் ஊரில் சின்டெக்ஸ் வாங்கப் போனால் கறுப்பா, பெரிய கறுப்பா என்று இரண்டே கேள்வி. இங்கே கடைக்காரர் ஒரு வண்ண அட்டையை விரித்தார். பேப்பர்பார்க், உட்லேண்ட் கிரே, மேனர் ரெட் என்று வரிசையாகப் பெயர்கள். கூரைக்கும் வேலிக்கும் ஒத்துப்போகிற நிறம் வேண்டுமாம். உங்கள் மருமகள் அட்டையை வெயிலில் பிடித்தும் நிழலில் பிடித்தும் பார்த்ததில் பரமக்குடி ஜவுளிக்கடைக்கே போய் வந்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் எடுத்த நிறத்தைப் பார்த்து, "வேலி மாதிரியே இருக்கே, டேங்க் எங்கே?" என்றாள் பேத்தி. அதுதான் வெற்றி என்றார் கடைக்காரர்.

வடிவத்திலும் யோசனை. வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே ஆள் நடக்கும் சந்துதான் உண்டு. அதனால் ஒல்லியாக, நெட்டையாக, சுவரை ஒட்டி நிற்கும் 5,000 லிட்டர் டேங்க். காலியாக வரும்போது இரண்டு பேர் தூக்கி நிறுத்திவிடலாம். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஐந்து டன். ஆகவே டேங்குக்கு முன்னால் அதற்கு மணை போட வேண்டும். இந்த ஊரின் பல பேட்டைகளில் நம் கமுதிக் கரிசலுக்குச் சொந்தக்காரனான களிமண்தான்: கோடையில் வாய் பிளக்கும், மழையில் ஊதும். அப்படி ஊதி இளைப்பதில் சுவரே விரிசல் விட்ட வீடுகள் இங்கே ஏராளம். அதனால் கான்கிரீட் தளம் போட்டு, டேங்க் நிரம்பி வழியும் தண்ணீர் அஸ்திவாரத்துப் பக்கம் போகாமல் தெரு வடிகாலுக்குக் குழாய் வைத்த பிறகே டேங்கை உட்கார வைத்தார்கள். டேங்க் விலையைவிட அதற்குச் செய்த உபசாரச் செலவு அதிகம்.

அடுத்து பிளம்பர். இங்கே லைசென்ஸ் பெற்ற பிளம்பர்தான் வீட்டுக் குழாயைத் தொடலாம். மழைத்தண்ணி தவறிக்கூட ஊர்ப் பைப்புக்குள் திரும்பிப் போய்விடக் கூடாது. அதற்குத் தனி வால்வு. மழைத்தண்ணி வரும் தோட்டக் குழாயில் அதைச் சொல்லும் எழுத்து. டேங்கின் வாயிலும் வழியும் குழாயிலும் கொசுவலை.

இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது முதல் மழையைத் திருப்பிவிடும் குழாய். கூரையில் பறவை எச்சம், யூகலிப்டஸ் இலை, ராத்திரி முழுக்க நடை பழகும் பாசம் என்ற பிராணியின் கைங்கரியம் எல்லாம் இருக்கும். ஆகவே மழையின் முதல் அலம்பல் ஒரு செங்குத்துக் குழாய்க்குள் விழுகிறது. அது நிரம்ப நிரம்ப உள்ளே ஒரு பந்து மிதந்து மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் தெளிந்த தண்ணீர்தான் டேங்குக்கு. உள்ளே மாட்டிய அழுக்குத் தண்ணீர் அடியில் உள்ள சின்னத் துளை வழியாகச் சொட்டி வெளியேறி, அடுத்த மழைக்குக் குழாய் தயாராகிவிடும். கரண்டு இல்லை, ஆள் இல்லை, ஒரு பந்து செய்கிற வேலை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். ஜூனில் சராசரி 80 மில்லிமீட்டரை ஒட்டி; பிப்ரவரியில் 20-க்குள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். டேங்கோடு இணைத்த கூரை எங்களுக்கு 150 சதுர மீட்டர். ஜூன் ஒரு மாதமே 5,000 லிட்டரை இரண்டு தடவை நிரப்பிவிடும். தோட்டமோ அப்போது தண்ணியே கேட்காது. கோடையில் தோட்டம் கேட்கும்போது டேங்கில் இருக்காது. இதற்கு மருந்து, தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மழைக்காலத்திலேயே செலவழிப்பது. அதனால் கழிப்பறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் இணைத்துவிட்டோம். டேங்கில் இருந்தால் மழைத்தண்ணி, தீர்ந்தால் ஊர்த்தண்ணி. ஒரு பெட்டி தானாகவே மாற்றிக்கொள்ளும். சேமிப்பு என்றால் பூட்டி வைப்பது என்று வளர்ந்த நமக்கு, காலி செய்தால்தான் லாபம் என்பது கொஞ்சம் கஷ்டமான பாடம்.

அதன் பக்கவிளைவு மோட்டார் சத்தம். கழிப்பறையில் தண்ணீர் திறந்தால் வெளியே மோட்டார் உறுமும். நடுராத்திரியில் யார் எழுந்தாலும் வீட்டுக்கே அறிவிப்பு. பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்பதால் மோட்டாரை எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு அடியில் வைத்திருக்கிறோம். அண்டை வீட்டார் தூக்கத்துக்கு இந்த நாட்டில் அவ்வளவு மரியாதை.

குடிக்கலாமா என்று பெரியம்மா கேட்பார்கள். கூரையும் தொட்டியும் சுத்தமாக இருந்தால் பல குடும்பங்கள் குடிக்கின்றன. ஈயத்தகடு அடித்த பழைய கூரைத் தண்ணீர் ஆகாது. நாங்கள் காய்ச்சித்தான் காப்பி போடுகிறோம்.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது, நீங்களும் ஜல்லி போட்டுக் குழி வெட்டினீர்கள். மழை மண்ணுக்குள் போயிற்று. ஆனால் அடியில் உப்புத்தண்ணி உள்ள நம் பக்கத்தில் உள்ளே போனதை அப்படியே நல்ல தண்ணியாகத் திரும்ப எடுப்பது கஷ்டம் என்று தெரிந்துதானே நம் முன்னோர் கிணற்றை மட்டும் நம்பாமல் ஊருணி வெட்டினார்கள்? அதில் கால் நனைத்தாலே திட்டுவாள் அப்பத்தா. இந்த டேங்க் அந்த ஊருணியின் பேரன்தான்.

உங்கள் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி என்று வைத்தால், 800 மில்லிமீட்டர் மழையில் சிந்தியது சிதறியது போக அறுபதாயிரம் லிட்டர் தேறும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் நாலாயிரம் குடம். அதில் பெரும்பகுதியை ஐப்பசி கார்த்திகையில் மண்ணுக்கும் தெருவுக்கும் அனுப்பிவிட்டு, சித்திரையில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கி அலைகிறோம். நம்முடையது தண்ணியில்லாக் காடு இல்லை பெரியப்பா, தொட்டியில்லாக் காடு.

ஆகவே சிரித்தது போதும். மாடியின் நீளம் அகலம், மழைநீர் இறங்கும் குழாய்கள் எத்தனை, மாட்டுக்கொட்டகைப் பக்கம் எவ்வளவு இடம் என்று அளந்து எழுதுங்கள். டேங்க் செலவு என் பொறுப்பு. நிறம் பெரியம்மா பொறுப்பு. ஐப்பசிக்கு முன் முடித்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: மாடியில் பெரியம்மா காயப்போடும் முண்டு மிளகாயை மழைக்கு முன்பே அள்ளிவிட வேண்டும். அந்தப் பந்து தூசியையும் எச்சத்தையும் சமாளிக்கும். நம்மூர் மிளகாயை அது இதுவரை சந்தித்ததில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்