துருவ ஒளிக்கு வயிற்றில் என்ன வேலை?

கேள்வி: செல்லைப் பிரிக்கும் ஒரு என்சைம் அதிகமாக வேலை செய்தால் இரைப்பைப் புற்றுநோய் வளருமாமே! உழைப்பதும் குற்றமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பல ஆபீஸ்களில் இந்தக் குற்றத்துக்கு ஆளே கிடைக்காது! என்சைமின் பெயர் அரோரா கைனேஸ் ஏ. பழ ஈயை ஆராய்ந்தவர்கள் 1995-ல் அறிவித்தது. அரோரா என்றால் துருவ ஒளி. செல்லின் இரு துருவங்களில்தான் இதற்கு உத்தியோகம், பொருத்தமான பெயர்தான்.

செல் பிரிவது ஒரு பாகப்பிரிவினை. 46 குரோமோசோம்களும் நகலெடுக்கப்பட்டு, இரு பக்கமும் கயிறு கட்டி இழுக்கப்பட்டு, சரிபாதியாகப் போய்ச் சேரவேண்டும். அதை நடத்திவைக்கும் பெரியவர் இந்த என்சைம். வேலை முடிந்ததும் செல்லே அவரை ஒழித்துவிடும் (நன்றிகெட்ட உலகம்!). இரைப்பைக் கட்டிகள் பலவற்றில் 20-ஆம் குரோமோசோமிலுள்ள இதன் மரபணு பல நகல்களாகப் பெருகிவிடுகிறது. பெரியவர்கள் கூடிப்போனால் கேட்கவேண்டுமா? இரண்டு துருவம் மூன்று, நான்காகிறது. பங்கு தாறுமாறாகிறது. தட்டிக்கேட்க வேண்டிய காவல்காரப் புரதம் பி53-ஐயும் இந்த என்சைம் அழிவுக்குத் தள்ளிவிடுகிறது.

இந்த என்சைமை அடக்க அலிசெர்டிப் என்ற மருந்தைப் பரிசோதித்தார்கள். எலும்பு மஜ்ஜையிலும் செல்கள் பிரிகின்றனவே! மருந்து அங்கும் கைவைத்ததால் வெள்ளணுக்கள் சரிந்தன.

பழியை முழுக்க என்சைம் தலையில் போடாதீர்கள். இரைப்பைப் புற்றுக்கு முதல் சந்தேக நபர் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. அதை ஆன்டிபயாடிக் மாத்திரையால் ஒழிக்கலாம். நெஞ்செரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் ஜெலுசில் வாங்கிக் குடித்துக்கொண்டிராமல் டாக்டரைப் பாருங்கள்.