சாட்டிலைட் பெரியப்பா

வண்டியில் பெரியப்பாவுக்கு முன்சீட்டுதான் வேண்டும். வானம் நன்றாகத் தெரிய வேண்டுமே! "மேலேருந்து பாத்துக்கிட்டே இருக்கான்டா. இனிமே டோல்கேட்டே கிடையாது. ஓடுற கிலோமீட்டருக்குத் தானா காசு எடுத்துப்பான்."

இந்த 'இனிமே' முன்பு தீபாவளிக்குள் என்று இருந்தது, பிறகு பொங்கலுக்குள் என்றானது. 2025 மே 1 முதல் என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் ஃபாஸ்டேக்கில் பணம் போடுவதையே நிறுத்திவிட்டார். அப்படியொரு முடிவே எடுக்கவில்லை என்று மத்திய அரசு ஏப்ரலிலேயே சொன்னது. "மறுக்கிறான்னா வரப்போகுதுன்னு அர்த்தம்" என்றார்.

சாட்டிலைட் யாரையும் பார்ப்பதில்லை. அது தன் நேரத்தைச் சொல்லிக்கொண்டு சுற்றுகிறது, அவ்வளவுதான். வண்டியில் வைக்கும் கருவிதான் நாலைந்து சாட்டிலைட்டின் சிக்னலைப் பிடித்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டு, செல்போன் நெட்வொர்க் வழியாகத் தகவல் அனுப்பும். இதைப் பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப புளியமரத்தடியிலயே ஓட்டிட்டுப் போனா சிக்னல் கிடைக்காதில்ல?" என்றார். நாலுவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிய வருத்தம் அவருக்கு இப்போது இரட்டிப்பாகிவிட்டது.

2024 செப்டம்பரில் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைத் திருத்தினார்கள். சாட்டிலைட் முறைக்கு மாறும் வண்டிக்கு ஒரு நாளில் ஒரு திசையில் 20 கிலோமீட்டர் வரை கட்டணம் இல்லை. டோல்கேட் பக்கத்து ஊர்க்காரர்கள் பிழைத்துப் போகட்டும் என்று வைத்த சலுகை. பெரியப்பா அதைத் தமக்காகவே எழுதியதாக எடுத்துக்கொண்டார். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். இருபதால் வகுத்தால் 23 நாள். தினம் இருபது கிலோமீட்டர் ஓட்டுவது, நிறுத்துவது, தூங்குவது, விடிந்ததும் அடுத்த இருபது. "பைசா செலவில்லாம மதுரை!"

சாப்பாடு? தங்க இடம்? அதற்கும் பட்டியல் தயார். செங்கல்பட்டில் சம்பந்தி வீடு, மேல்மருவத்தூரில் கோயில், திண்டிவனத்தில் கூடப் படித்தவர். விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் மட்டும் ஆள் இல்லை. என் தம்பிக்கு அந்தப் பக்கமாகவே பெண் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காருக்கு 3,000 ரூபாய் வருடப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15-இல் வந்தது. 200 தடவை கேட்டைத் தாண்டலாம், அன்றைய விலைக்குத் தடவைக்கு 15 ரூபாய்தான் ஆனது. வாங்கச் சொன்னேன். "நடுவுல சாட்டிலைட் வந்துட்டா மிச்சக் காசை யாரு தருவா, உங்கப்பனா?" என் அப்பா அவருடைய சொந்தத் தம்பி.

சாட்டிலைட் வரும்வரை சும்மா இருப்பாரா? டோல்கேட் கண்ணில் படுவதற்கு முன்பே, "லெஃப்ட்ல ஒடி" என்பார். ஏரிக்கரை, ஆட்டு மந்தை, வீட்டுக்கு வீடு அவரவர் போட்டுக்கொண்ட வேகத்தடை. பின்சீட்டில் குழந்தைகள் வாந்தி. எழுபது ரூபாய் சொச்சம் மிச்சம். டீசல் நான் போட்டது, அடிபட்ட ஷாக் அப்சார்பர் செலவும் என்னுடையது.

அவர் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு விதி. நாங்கள் போகும் வழியில் பரனூர் சாவடிக்கும் ஆத்தூர் சாவடிக்கும் அவ்வளவு தூரம் கிடையாது. பரனூரில் பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் கட்டண விலக்கில் போனதாகக் கணக்கு இருந்ததை 2023-இல் மத்திய தணிக்கைத் துறையின் (சிஏஜி) அறிக்கையே சொன்னது. "அந்தப் பாதியில நாம ஏன்டா இல்லை?" என்று பெரியப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இதையெல்லாம் அவர் கேட்பது பூத்தில் உட்கார்ந்திருக்கும் பையனிடம். சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் அவன் விதியையும் எழுதவில்லை, விலக்கும் கொடுக்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, சிஏஜி அறிக்கையை அவனுக்குப் பாடம் நடத்துவது அநியாயம். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியப்பா வண்டியில் நீங்கள் ஏற நேர்ந்தால், கிளம்பும் முன் ஃபாஸ்டேக் பேலன்ஸை நீங்களே பாருங்கள். "போட்டாச்சு" என்றால் நம்பாதீர்கள். செல்லாத டேக்கோடு போய் யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. பர்ஸை எடுக்கப்போவதும் நீங்கள்தான். அந்த நேரத்தில் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.