பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறவன்தான் வாங்குவான்

வா கண்ணு, உக்காரு. பேப்பர் திரும்பி வந்துடுச்சாமே? 'மேஜர் ரிவிஷன்'னு போட்டிருக்காங்களாமே? நீ ரெண்டு நாளாச் சரியாச் சோறு திங்கலேன்னு உங்கம்மா சொன்னா. நல்லது, அரிசி மிச்சம்.

கோவப்படு, தப்பில்லே. ரிவியூவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு டீக்கடையில சொல்லு. முடிஞ்சா வெள்ளைக்காரன் சதின்னும் சொல்லு. எல்லாம் சொல்லி முடிச்சப்புறம் அந்த மெயிலை ஒரு தடவை கடைசிவரைக்கும் படி. இன்னும் படிக்கலேல்ல? தெரியும்.

பொட்டனேரி ஆட்டுப் பண்ணைக்கு வந்த ஆராய்ச்சிப் பசங்க எத்தனையோ பேர் தராசைத் தூக்கிக்கிட்டு என் பட்டிக்கும் வந்திருக்காங்க. அதனால எனக்கும் கொஞ்சம் தெரியும். நீ எழுதியிருக்கிறது, மேச்சேரி ஆட்டுக்குட்டி மூணு மாசத்துல பால் மறக்கையில என்ன எடைன்னு. அந்த ரெண்டாவது ரிவியூவர் என்ன கேட்டிருக்கார்? பட்டியைத் திறக்குறதுக்கு முன்னே எடை போட்டதா, மேய்ஞ்சு தண்ணி குடிச்சு வந்தப்புறம் எடை போட்டதான்னு. அடேய், அந்த மனுசன் ஆடு மேச்சவன்டா! வயித்துல கிடக்கிற புல்லையும் தண்ணியையும் சேர்த்து எடை போட்டுட்டு வளர்ச்சின்னு எழுதினா யாருதான் விடுவாங்க? நீ விடியக்காலையில வெறும் வயித்தோடதான் எடை போட்டே. குட்டியைப் பிடிச்சுக் கொடுத்ததே நான்தான். ஆனா அதைப் பேப்பர்ல எழுதலியே! அது அவருக்குக் கனவுலயா தெரியும்?

சந்தையில வாங்காதவன் குறை சொல்ல மாட்டான், பார்த்துட்டுப் போயிடுவான். பல்லைப் பிடிச்சு வயசு பார்த்து, முதுகைத் தடவி, "இளைச்சிருக்கே"ங்கிறவன்தான் மடியில காசோட வந்தவன். வேண்டாம்னா ஒரே வரியில 'ரிஜெக்ட்'னு முடிச்சிருப்பான். இத்தனை பக்கம் குறை எழுதுவானா?

நம்ம ஈரோட்டுல 1887-ல பொறந்த ராமானுஜனை எடுத்துக்க. நாமக்கல் நாமகிரித் தாயாரே கனவுல வந்து கணக்குச் சொல்றாங்கன்னு சொன்னவரு. பெர்னூலி எண்களைப் பத்தி இந்தியக் கணிதக் கழகப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினாரு. ஆசிரியர் பெங்களூரு நாராயண ஐயங்கார். கணக்கு புதுசு, ஆனா படிக்கிறவனுக்குப் புரியாத மாதிரி தாவித் தாவி எழுதியிருக்கேன்னு திருப்பி அனுப்பினாரு. ஒரு தடவை இல்லே, மூணு தடவை போயிப் போயி வந்து, 1911-லதான் அச்சேறுச்சு. தாயார் சொன்ன கணக்குக்கே விளக்கம் கேட்டாங்க. உன் கணக்கு கம்ப்யூட்டர் சொன்னது. கேக்க மாட்டாங்களா?

அதனால பதில் கடுதாசியை ஒழுங்கா எழுது. ரிவியூவர் சொன்னதை நம்பர் போட்டு ஒவ்வொண்ணா எடுத்து வை. கீழே உன் பதிலு, எந்தப் பக்கம், எந்த வரியில மாத்தினேன்னு. 'தக்கபடி திருத்தப்பட்டது'ன்னு மட்டும் எழுதிட்டு நழுவாதே, அதெல்லாம் தாலுக்கா ஆபீஸ்ல செல்லும். ஒருத்தர் சுருக்குங்கிறாரு, இன்னொருத்தர் விரிங்கிறாரா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நீ எதைச் செஞ்சே, ஏன்னு எடிட்டருக்குச் சொல்லு. ரிவியூவர் சொன்னது தப்புன்னா தப்புன்னே சொல்லு, ஆனா குரலை உசத்தாம ஆதாரத்தை நீட்டு. இந்த ஆறு கட்டுரையையும் மேற்கோள் காட்டுன்னு கேட்டிருந்தா, ஆறும் யார் எழுதினதுன்னு பாரு. ஒரே பேரா வந்தா ஆளு யாருன்னு புரிஞ்சிடும். பொருந்துறதை மட்டும் போடு, புரிஞ்ச மாதிரி காட்டிக்காதே.

ஒரு காற்புள்ளிகூட மாத்தாம வேற பத்திரிகைக்கு அனுப்பிடலாம்னு பார்க்கிறியா? ஆட்டு எடையைப் பத்தி அக்கறையா ஆராய்ச்சி பண்றவங்க நாட்டுல எத்தனை பேர் இருக்கப் போறாங்க? அங்கேயும் அதே ரிவியூவர்தான் வந்து உக்காந்திருப்பாரு. காசு வாங்கிட்டு ஒரு கேள்வியும் கேக்காமப் போடுறவன் இருக்கான்னு ஃப்ரெண்டு சொன்னானா? 2018 மே மாசம் யூஜிசி தன் அங்கீகாரப் பட்டியல்ல இருந்து 4,305 பத்திரிகையை ஒரேயடியாத் தூக்குச்சு. அதுல போட்டவங்க எல்லாம் முதல்ல இனிப்புக் கொடுத்தவங்கதான்.

போ, கெடு முடியறதுக்குள்ளே அனுப்பு. ரிவியூவருக்கு நன்றின்னு முதல் வரியிலேயே எழுது. மனசாரச் சொல்லணும்னு கட்டாயமில்லே, எழுத்துப்பிழை இல்லாம இருந்தாப் போதும்.