பாவக்காய் இல்லீங், முதலை!

அமராவதி நகரில் பிறந்தவர்களுக்கு முதலை எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் வந்தால் ஆனைமலைச் சரிவின் காலடியில் அணை, 1957-இல் காமராஜர் ஆட்சியில் கட்டியது. அதை ஒட்டி 1970-களில் தொடங்கிய முதலைப் பண்ணை. அணையோரம் முதலைகள் இடும் முட்டைகளைச் சேகரித்து வந்து பொரிக்கவைத்து வளர்த்த இடம். வெளியூரிலிருந்து சொந்தபந்தம் வந்தால் கூட்டிப்போய்க் காட்ட ஊரில் மூன்று இடங்கள் உண்டு: அணை, 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி, முதலைப் பண்ணை. அணையில் சில வருடம் தண்ணீர் இருக்கும், சில வருடம் இருக்காது. பள்ளிக்குள் நினைத்த நேரத்தில் விடமாட்டார்கள். முதலை மட்டும்தான் வந்தவர்களை ஏமாற்றாது.

அப்படிப்பட்ட ஊரில் அக்கா துணியில் ஒரு முதலை செய்தார். பார்த்தவர்களில் ஒருவர்கூட அதை முதலை என்று சொல்லவில்லை.

"பாவக்காய் நல்லா வந்திருக்குதுங்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பல்லி என்றது ஒரு குழந்தை. சைனிக் பள்ளிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் மாமா வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலகாணிங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அக்காவுக்கு உடுமலையில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனைப் புரட்டி, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, குறை இருந்தால் அங்கே சின்னதாக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒன்பது வருடம் இதே வேலை செய்தவருக்கு உலகமே ஒரு பெரிய லாட்டாகத் தெரிவதில் வியப்பில்லை. அம்மா ஊற்றிய தோசையில் ஒருநாள் ஸ்டிக்கர் இருந்தது. தம்பி முதன்முதலாக மீசை வைத்தபோது இடது பக்கம் ஒன்று ஒட்டினார். "ரெண்டு பக்கமும் அளவு சேரலடா."

அடுத்தவர் தையலில் அரை நொடியில் குற்றம் கண்டுபிடிக்கும் இந்த அக்கா, தான் தொட்ட கைவேலை எதையும் முழுதாக முடித்ததில்லை. வயர் கூடைக் காலத்தில் பின்னிய நான்கு கூடைகளுக்கு இன்னும் கைப்பிடி கிடையாது. ஃபேப்ரிக் பெயின்டிங் காலத்து மயில், பச்சை தீர்ந்துபோனதால் தோகையில்லாமல் தலையணை உறையில் கோழியாக நிற்கிறது. பட்டு நூல் வளையல் காலத்தில் ஒரு கைக்கு மட்டும் செட் முடிந்தது. "இன்னொரு கை எங்கம்மிணி?" என்று அப்பத்தா விசாரிப்பதோடு அந்தக் காலமும் முடிவுக்கு வந்தது.

அதற்கடுத்துத்தான் கட்டிங் வேஸ்ட் காலம். வெட்டுமேசையில் மிஞ்சும் துணியை யாரும் குப்பை என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து எடை போட்டு விற்பார்கள். அதை மறுபடி பஞ்சாக்கி நூலாகத் திரிக்க ஆலைகள் இருக்கின்றன. பெரிய துண்டுகள் மெஷின் துடைக்கப் போகும், நீளவாக்கில் கிழித்தவை கால்மிதியாகும். அக்கா ஆலிவ் பச்சையில் ஒரு மடி அள்ளிக்கொள்ள அனுமதி வாங்கினார். சிங்கிள் ஜெர்ஸித் துணிக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். கட்டிங் மாஸ்டர்கள் அதைத் திட்டாத நாளில்லை. அக்காவுக்கோ அதுவே வரமாயிற்று. துண்டு துண்டாக வெட்டி முதுகில் வரிசையாகத் தைத்தார். சுருண்டு நின்ற ஓரங்கள் முதலை முதுகின் செதில்களாகிவிட்டன. ஆனால் அதே துணி நன்றாக இழுபடும் என்பதைப் பஞ்சு திணிக்கும்போது மறந்துவிட்டார். முதலை நடுவில் உப்பி, இரண்டு முனையும் கூம்பியது. பாவக்காய் பிறந்த கதை இதுதான்.

இந்தச் சமயத்தில்தான் தம்பி வெளிநாடு கிளம்பினான்.

தம்பி திருப்பூரில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் க்வாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தான். கொங்குநாட்டில் வெளிநாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. அமெரிக்கா முதலில், பிறகு லண்டன், அதற்கப்புறம் சிங்கப்பூர், துபாய். தம்பி சொன்ன பெயர் அந்த வரிசையிலேயே இல்லை. எத்தியோப்பியா.

"அது எந்தப் பக்கம்?" என்றார் அப்பா. 1984 பஞ்சத்தின்போது செய்தித்தாளில் வந்த படங்கள் மட்டுமே அவர் நினைவில் இருந்தன. அந்த ஒரு நினைவை வைத்து அம்மா மூட்டை கட்டத் தொடங்கினார். பருப்புப்பொடி, ஊறுகாய், செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், ஆறு கிலோ ராகி மாவு.

ஆனால் காரணம் இருந்தது. அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே, ஏரிக்கரை ஊரான ஹவாசாவில், 2016 ஜூலையில் ஒரு பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். சீன நிறுவனம் ஒன்பதே மாதத்தில் கட்டி முடித்தது. அங்கே தைத்த துணி அமெரிக்காவுக்குப் போனால் சுங்க வரி கிடையாது. ஆப்பிரிக்க நாடுகளுக்காக 2000-இல் அமெரிக்கா போட்ட சட்டம் தந்த சலுகை. அந்தச் சலுகை எத்தியோப்பியாவுக்கு 2022 ஜனவரி 1-ஆம் தேதி பறிபோனது, அது பின்னால் நடந்தது. 2018-இல் துணி வாங்கும் பையர் போகிற பக்கமெல்லாம் தையல் தெரிந்தவனும் போக வேண்டியிருந்தது. 1970-களின் கடைசியில் ஒரு இத்தாலிக்காரர் பனியன் தேடித் திருப்பூருக்கு வந்ததில் தொடங்கிய ஏற்றுமதி, நாற்பது வருடம் கழித்துத் தம்பியை ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது.

கிளம்புகிற அன்று பெட்டியை எடை போட்டார்கள். மூன்று கிலோ கூடுதல். எதை எடுப்பது என்று அம்மாவுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கையில், அக்கா ஒரு கிலோ ராகிப் பொட்டலம் மூன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் பாவக்காயைச் செருகினார். அது நூற்றெண்பது கிராம்.

"இதென்னக்கா?"

"கிட்ட இருந்தா பாத்துக்கோ."

மிச்ச ராகியும் போயிருக்க வேண்டியதில்லை என்பது ஒரு மாதத்தில் தெரிந்தது. ராகிக்குப் பிறந்த வீடே கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலம்தான். அங்கிருந்துதான் நம் பக்கம் வந்தது. தாகுசா என்ற பெயரில் அந்த ஊர்ச் சந்தையிலேயே விற்கிறார்கள். "பொண்ணப் பெத்த வீட்டுக்கே சீர் தூக்கிட்டுப் போயிருக்கான்" என்றார் அப்பத்தா.

முதல் போன் வந்தது பெரிய குழப்பத்தோடு. "ரெண்டு மணிக்குக் கூப்புடறேன்" என்று தம்பி மெசேஜ் போட்டிருந்தான். இந்தியா இரண்டரை மணி நேரம் முன்னால் என்று அக்கா கணக்குப்போட்டார். அங்கே இரண்டு என்றால் இங்கே நாலரை. நாலரைக்குக் குடும்பமே போனைச் சுற்றி உட்கார்ந்தது. ஐந்தரை ஆயிற்று, ஏழாயிற்று. அணை மீன் வறுவல், ஜிலேபி மீன், ஆறிப்போயிற்று. இரவு பத்தரைக்குப் போன் அடித்தது.

எத்தியோப்பியாவில் மணி விடியலிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. மாலையில் பொழுது சாய்ந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. தம்பியின் தையல் லைனில் எல்லோரும் அப்படியே பேசி, அவனுக்கும் அதே வந்துவிட்டது. அவன் சொன்ன இரண்டு மணி, இரவு எட்டு. வீட்டில் எல்லோரும் தலையைச் சொறிந்தபோது அப்பத்தா மட்டும் அசரவில்லை. "நாழிகைக் கணக்கும் விடிஞ்சதுல இருந்துதான? இதுல என்ன அதிசயம்?"

நாள்காட்டி இன்னும் மோசம். தம்பி போய் இறங்கிய மறுநாள், 2018 செப்டம்பர் 11, அங்கே புத்தாண்டு. பிறந்த ஆண்டு, 2011. அவர்கள் கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால், மாதமோ பதின்மூன்று. பன்னிரண்டு மாதம் முப்பது முப்பது நாள், கடைசிக் குட்டி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ.

"2011-க்கா போயிருக்கறே?" அப்பாவின் குரல் நடுங்கியது. திருப்பூர்ப் பக்கம் அந்த வருடத்தை யாரும் மறக்க மாட்டார்கள். நொய்யல் மாசுபட்ட வழக்கில், ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே அடியாக மூடிய வருடம். அப்பா வேலை பார்த்த பட்டறையும் அதில் ஒன்று. "திரும்பி வந்துரு சாமி, அந்த வருஷம் நமக்கு ஆகாது."

கல்யாண புரோக்கர் மட்டும் மகிழ்ச்சியடைந்தார். "பையனுக்கு அங்க ஏழு வயசு கம்மிங்களா? ஜாதகத்துல போட்டுக்கலாங்களா?"

மெல்ல மெல்ல ஹவாசா இந்த வீட்டுக்குப் பக்கத்து ஊரானது. ஏரியில் நீர்யானை உண்டு. மீன் சந்தையில் ஆளுயர மராபூ நாரைகள் வழுக்கைத் தலையோடு கழிவுக்காகக் காத்து நிற்கும். காப்பி குடிக்கக் கூப்பிட்டால் ஒரு தம்ளரோடு எழுந்து வர முடியாது. கண்ணெதிரே கொட்டையை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பரக்கா என்று பெயர், ஆசீர்வாதம் என்று பொருள். தெற்கே சாமோ ஏரியில் முதலைகள் கூட்டமாக வெயில் காயும் ஓர் இடத்துக்கு 'அசோ கெபேயா', முதலைச் சந்தை என்றே பெயர். "கிலோ எவ்வளவாம்?" என்றார் அம்மா.

தையல் நன்றாக இருந்தால் லைன் பெண்கள் "கொஞ்சோ" என்றார்கள். முதல் வாரம் முழுக்கத் தம்பி, "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சோ என்றால் அழகு.

ஒரு கேள்விக்கு மட்டும் தம்பி பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினான். "அங்க செக்கிங்குக்கு என்னடா சம்பளம்?" 2019 மே மாதம் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று ஹவாசாவைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அங்கே அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர், உலகத் தையல் தொழிலிலேயே குறைவு என்றது. தம்பி அந்தச் செய்தியை மட்டும் அக்காவுக்கு அனுப்பினான், ஒரு வார்த்தை எழுதாமல். அன்றைய கணக்கில் சுமார் 1,800 ரூபாய். அக்கா சனிக்கிழமைச் சம்பளக் கவரை எடுத்து எண்ணிப் பார்த்தார். அவருடைய ஒரு வாரத்துச் சம்பளம் அதைவிடக் கூட இருந்தது. "அந்தப் புள்ளைங்களுக்கு மத்தியானம் சோறாவது கம்பெனில போடறாங்களா?" என்று திருப்பி எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. தம்பியின் மேசைமேல், பேப்பர் பறக்காமல் இருக்க வைத்த பாவக்காய். பக்கத்தில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சாமோ ஏரிப் பக்கத்துப் பெண்ணாம். மேசையைக் கடந்து போனவள் சட்டென்று நின்று, விரலை நீட்டி, "அசோ!" என்றிருக்கிறாள். கையில் எடுத்து முதுகைத் தடவிவிட்டு, "கொஞ்சோ!" என்றும்.

அக்கா அந்தப் போட்டோவை வீட்டில் எல்லோருக்கும் காட்டினார். பக்கத்து வீட்டுக்குப் போய்க் காட்டினார். டீக்கடைக்கும் போனார்.

பின்னாலேயே தம்பியின் மெசேஜ் வந்தது, பையருக்கு அனுப்பும் சேம்பிள் கமெண்ட் நடையில்:

"1. நிறம்: ஓகே. 2. முதுகுச் செதில்: மிக நன்று, மாற்ற வேண்டாம். 3. வயிறு: பஞ்சு அதிகம், குறைக்கவும். 4. இடது முன்கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. 5. பல் மேல்வரிசை மட்டும் உள்ளது. வாய் மூடியிருந்தாலும் முதலைக்குக் கீழ்ப்பல் வெளியே தெரியும், சேர்க்கவும். மறு சேம்பிள் தேவை. அந்தப் பொண்ணுக்கு மூணு குழந்தைங்க. சைஸ் எஸ், எம், எல். என்ன விலைன்னு கேக்கறா."

அக்கா உடனே பதில் போட்டார்: "சேம்பிளுக்கு யார்ரா காசு வாங்குவாங்க?"

முதல் நான்கு கமெண்டையும் ஒப்புக்கொண்டார். அன்றிரவே பச்சைத் துணியை மூன்று அளவில் வெட்டி அடுக்கினார். ஐந்தாவதில்தான் சிக்கல். ஒன்பது வருட செக்கிங் அனுபவத்தில், கண்ணால் பார்க்காத எதற்கும் அவர் பாஸ் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலைப் பண்ணைக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய முதலை ஒன்று வெயிலில் கிடந்தது. சூடு தணிய வாயை அகலத் திறந்து வைத்திருந்தது. மூடினால்தான் கீழ்ப்பல் வெளியே நிற்கிறதா என்று தெரியும். அக்கா ஸ்டிக்கர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் ஆயிற்று. உடுமலையிலிருந்து வந்த பஸ் திரும்பிப் போயிற்று. ஸ்கூல் பையன்கள் கூட்டம் வந்து பார்த்துவிட்டுக் கலைந்தது. ஒரு பையன் நின்று, "என்ன பாக்கறீங்க அக்கா?" என்றான்.

"வாய மூடட்டும்னு பாக்கறேன், கண்ணு."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலை மூடவில்லை.